வாப்பாவின் சனிக்கிழமைகள்

செய்யது உவைஸ் மேலப்பாளையத்திலிருந்து ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தபோது, தொழுகையையும் கூடவே எடுத்து வந்தான் என்று சொல்ல முடியாது. நினைவு வந்த வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் போவான். சோதனைக்கூடத்தில் உலை எரிந்துகொண்டிருந்தால் அதுவும் இல்லை. கண்ணாடியைப் பற்றிய ஆராய்ச்சி அவனுடையது. அதை விட்டால் சைக்கிள், பருப்பும் சோறும், ஊருக்கு ஒரு போன். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை.

தக்சாயினியை அவன் முதலில் பார்த்தது தமிழ் மாணவர்கள் நடத்திய பொங்கல் விழாவில். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் தட்டில் ஒரு கரண்டி போட்டுவிட்டு, "பொங்கல் காணுமோ?" என்று கேட்டாள். அவன் தட்டைப் பார்த்தான், பானையைப் பார்த்தான். "காணோமா? இங்கதானே இருக்கு!" என்றான். போதுமா என்றுதான் அவள் கேட்டாள் என்பது புரிவதற்குள் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்து முடித்துவிட்டார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்களின் மகள். ஹம் நகரில் பிறந்து வளர்ந்தவள். மருந்தியல் படிக்க எர்லாங்கனுக்கு வந்திருந்தாள். அப்பா நித்தியானந்தன் ஹம்மில் உள்ள ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயிலில் ஒரு திருவிழாவையும் தவறவிடாதவர். மகள் ஒரு முஸ்லிம் பையனைப் பதிவுத் திருமணம் செய்யப்போகிறாள் என்று கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். மேலப்பாளையத்தில் உவைஸின் வாப்பா பேச்சை நிறுத்தவில்லை. மருமகள் மதம் மாறுவதைப் பற்றி ஒவ்வொரு போனிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "அந்தப் பிள்ள கலிமா சொல்லிட்டா?"

"அதெல்லாம் எங்களுக்குள்ள வராது வாப்பா" என்பான் உவைஸ். உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். பிள்ளை பிறந்தால் என்ன செய்வது என்றும் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். எதையும் திணிக்கக்கூடாது, வளர்ந்த பிறகு அதுவே முடிவெடுக்கட்டும். ஜெர்மன் சட்டமும் பதினான்கு வயதில் அந்த உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது என்று தக்சாயினி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அவர்களுக்கு அது தங்களுக்காகவே எழுதிய சட்டம் போல இருந்தது.

மகள் பிறந்தாள். இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பெயராகத் தேடி சமீரா என்று வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உவைஸ் குழந்தையின் வலது காதில் மெல்லப் பாங்கு சொன்னான். தக்சாயினி சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா சுந்தரேஸ்வரி வந்து நெற்றியோரம் கறுப்புப் பொட்டு வைத்தார். உவைஸும் சிரித்தான். பேத்தியைக் கையில் வாங்கியதும் நித்தியானந்தனுக்கும் பேச்சு வந்துவிட்டது. நல்ல வருடங்கள் அவை.

விமானங்கள் எல்லாம் நின்றுபோன அந்தக் கொரோனா வசந்தத்தில் உவைஸின் வாப்பா மவுத்தானார். அவன் ஒரே மகன். ஊரில் சித்தப்பா மகன் கைபேசியைப் பிடித்துக் காட்ட, சமையலறை மேசையில் உட்கார்ந்து வாப்பாவின் ஜனாஸாவைப் பார்த்தான். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குகிற நேரத்தில் கூட்டம் இடித்து அந்தக் கை சாய்ந்துவிட்டது. அதன் பிறகு உவைஸுக்குத் தெரிந்ததெல்லாம் வேப்பமரக் கிளையும் வெயிலும்தான். கபருக்குள் மூன்று பிடி மண் போட அவன் அங்கே இல்லை. கலிமாவைப் பற்றி வாப்பா கேட்ட கேள்விக்கு அவன் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. இனி சொல்லவும் வழியில்லை.

மறுநாள் காலையிலிருந்து அவன் தொழ ஆரம்பித்தான். ஒரு வேளையும் விடவில்லை. தக்சாயினி அதை மதித்தாள். அவன் தொழும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பாள்.

அந்த வருடம்தான் சமீராவைப் பள்ளியில் சேர்த்தார்கள். பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது என்று பள்ளியில் கேட்டார்கள். கத்தோலிக்க வகுப்பா, புரொட்டஸ்டண்ட் வகுப்பா, இஸ்லாமியப் பாடமா, மதம் சாராத எத்திக் பாடமா?

வீட்டுக்கு வந்ததும் தக்சாயினி சொன்னாள்: "எத்திக்கில விடுவம். நாங்கள் அப்பவே கதைச்சதுதானே. வளர்ந்தாப் பிறகு அவளே முடிவெடுக்கட்டும்."

"முடிவெடுக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா தெரியாத ஒண்ணை அவ எப்படித் தேர்ந்தெடுப்பா? ஒரு வார்த்தகூடச் சொல்லிக்கொடுக்காம, இப்ப நீயே தேர்ந்தெடுன்னா அது என்ன நியாயம்?"

தக்சாயினி அவனுக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். "சரி. அப்ப நானும் சொல்லிக்குடுக்கிறன். ஊன்ட்றொப் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன், தேவாரம் பழக்கிறன். அதுக்கும் ஓமெண்டு சொல்லுங்கோ."

அவனால் சொல்ல முடியவில்லை. அந்த மௌனத்தை அவள் மறக்கவே இல்லை.

சமீரா எத்திக் வகுப்பில் சேர்ந்தாள். ஆனால் வீடே பள்ளிக்கூடமாகிவிட்டது. மாலையில் வாப்பாவிடம் குர்ஆன் ஓதினாள். விடுமுறைக்கு ஹம் போனால் தாத்தாவிடம் தேவாரம் பாடினாள். எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்கிற பிள்ளை. ஒருநாள் குளியலறையில் தண்ணீரை அளைந்தபடி குர்ஆனின் அல்ஹம்து சூராவைத் தேவார மெட்டில் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டும் பாட்டுதான். உவைஸ் கதவைத் திறந்து கத்திவிட்டான். அதுவரை அவன் பிள்ளையைக் கடிந்ததே இல்லை. சமீரா நுரையோடு அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். தக்சாயினி ஓடிவந்து துண்டில் சுற்றி அள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்குக் கணவனும் மனைவியும் சொல்லிக்கொண்ட சொற்கள், ஒன்றாக வாழ்கிற இரண்டு பேர் சொல்லிக்கொள்ளக் கூடாதவை.

சமீராவுக்கு எட்டு வயதானபோது பிரிந்தார்கள். பிள்ளை தாயோடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனியும் ஞாயிறும் வாப்பாவோடு.

உவைஸ் ஒற்றை அறை வீடொன்றுக்கு மாறினான். சமீராவுக்காக ஜன்னலோரம் ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டான். மற்ற தகப்பன்மாருக்கு வாரம் முழுக்க இருக்கிறது, எனக்கு இருப்பது இவ்வளவுதான் என்று நினைத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கொடுக்க வேண்டியதில் எது முதன்மை? அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. சனிக்கிழமை காலையில் நியூரன்பெர்க்கில் ஒரு பள்ளிவாசல் வகுப்புக்கு ரயிலில் கூட்டிப் போனான். அங்கே எல்லாம் துருக்கிப் பிள்ளைகள். அவர்கள் தங்களுக்குள் துருக்கி மொழியில் பேசிச் சிரிப்பார்கள், சமீரா ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அன்றைய பாடத்தை அவனே மறுபடி ஓதச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை பழைய பாடம்.

அவன் அடித்ததில்லை. குளியலறை நாளுக்குப் பிறகு கத்தியதும் இல்லை. அவள் ஓர் எழுத்தைத் தவறாக உச்சரித்தால் சும்மா இருப்பான். முகம் மட்டும் வாடிப்போகும். சமீரா கண்ணைக் கிதாபில் வைத்துக்கொண்டே அந்த முகத்தையும் பார்க்கப் பழகினாள்.

அவள் நீச்சல் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். போட்டிகள் சனிக்கிழமைகளில்தான் வரும். "அடுத்த தடவை போலாம் கண்ணு" என்பான். "ஓம் வாப்பா" என்பாள். அடுத்த தடவையும் அதே பதில். அவள் அடம்பிடித்ததே இல்லை என்பதால், அவளுக்கு அது பெரிய விஷயமில்லை என்று எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் தக்சாயினி போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை எண்டால் பிள்ளைக்கு வயித்துக்குத்து. டொக்டரிட்டயும் காட்டினனான். ஒண்டும் இல்லையாம், மனசுதானாம். கொஞ்சம் விட்டுப் பிடியுங்கோ. ஒரு சனிக்கிழமையாவது சும்மா எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோ."

"நீ சொல்லிக்கொடுத்து நடிக்க வைக்கிற" என்றான் உவைஸ்.

அந்தப் பக்கம் போன் உடனே வைக்கப்படவில்லை. அவள் அழுவது கேட்டது. பிறகுதான் வைத்தாள். விஷயம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது.

சமீராவுக்கு அப்போது பத்து வயது. நீதிபதி ஒரு பெண்மணி. பிள்ளையைத் தனியாக, பொம்மைகள் வைத்த ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசினார். பெற்றோர் வெளியே நடைக்கூடத்தில், இடையில் நாலைந்து நாற்காலிகள் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இருவரையும் உள்ளே அழைத்தார்.

"உங்கள் மகள் உங்களைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை" என்று உவைஸைப் பார்த்து நிதானமாக ஆரம்பித்தார். "வாப்பா நல்லவர் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் பரீட்சை நடப்பது போல இருக்கிறதாம். எப்போது முடியும் என்றும் தெரியவில்லையாம். இனி வர விருப்பமில்லை என்றாள். சொல்லிவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இப்படிச் சொன்னதற்காக அல்லாஹ் தன்னை வெறுத்துவிடுவாரா என்று."

உவைஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பிள்ளைக்கு அல்லாஹ்வைக் காட்ட நினைத்தான். பிள்ளை பார்த்தது வாடிப்போன ஒரு முகத்தை. யாரோ மேசைமேல் தண்ணீர் வைத்தார்கள். அவன் அதைத் தொடவில்லை. மேசையின் மறுபக்கம் இருந்த தக்சாயினிதான் எழுந்து வந்து கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

வகுப்பு இல்லை, பாடம் இல்லை, பிள்ளை விரும்பினால் பகலில் சில மணி நேரம் பார்க்கலாம் என்று முடிவானது. உவைஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அதன்பின் முதல் முறை சமீரா வந்தபோது எர்லாங்கன் அரண்மனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். வெயில் அடித்தது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்து தின்று முடித்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள், முதுகை நிமிர்த்தினாள். யாரும் கேட்காமலே குல்ஹுவல்லாஹு சூராவை மளமளவென்று ஓத ஆரம்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. ஓதி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டன் வாப்பா. இனி விளையாடலாமோ?"

"நீ ஓத வேண்டாம் கண்ணு. இனிமே அதெல்லாம் வேண்டாம்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த விளையாட்டு எது, அவள் தோழி யார், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்தைச் சுற்றி நடந்தார்கள். ஒரு அணிலைப் பார்த்தார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அவளைத் தாயிடம் கொண்டுபோய் விட்டான்.

அடுத்த வருடம் தக்சாயினிக்கு ஹம்மில், பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. உவைஸ் மறுக்கவில்லை. அவன் மாதம் ஒருமுறை ரயிலேறிப் போனான். முதலில் சமீரா அவனைப் பார்க்க வந்தாள். பிறகு ஒரு மாதம் சளி, ஒரு மாதம் தோழியின் பிறந்தநாள். போன ஜூனில் தக்சாயினியே நாள் குறித்தாள். "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. கோயில்ல தேர். எல்லாரும் அங்க போயிடுவம். அவளை ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு வாறன், வீட்டில ரெண்டு பேரும் ஆறுதலாக் கதைக்கலாம்."

அவன் ஒரு பலகை விளையாட்டு வாங்கியிருந்தான். இரண்டு பேர் விளையாடுவது. விதிகள் புரிய வேண்டுமே என்று வாரக்கணக்கில் தன் அறையில் இரண்டு பக்கமும் அவனே உட்கார்ந்து ஆடிப் பழகியிருந்தான். அதைப் பையில் வைத்துக்கொண்டு ஹம் ரயில் நிலையத்தில் இறங்கினான். பட்டுச் சேலையும் வேட்டியுமாக நிலையம் நிறைந்து கிடந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து தக்சாயினி மட்டும் வந்தாள். சேலையோடு, நெற்றியில் திருநீற்றோடு, கோயிலிலிருந்து பாதியில் ஓடி வந்தவள் போல.

"வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள்" என்றாள். "எவ்வளவோ சொல்லிப் பார்த்தன். இழுத்துக்கொண்டு வர என்னால ஏலாது."

"எம்மேல கோவமா?"

"கோபம் இல்லை. பயம். உங்களைக் கண்டு இல்லை, உங்கட முகம் வாடிப்போகுமே எண்டு. உங்களைப் பார்க்கிற நாளுக்கு முதல் நாள் முழுக்கச் சாப்பிடமாட்டாள்."

இருவரும் படிக்கட்டோரம் உட்கார்ந்தார்கள். சனங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இண்டைக்குத் தேருக்கும் வரேல்ல அவள்" என்றாள் தக்சாயினி, கொஞ்சம் கழித்து. "நான் கேட்டன், வாப்பாட்டப் போகேல்லை எண்டால் அம்மாவோடயாவது தேருக்கு வா பிள்ளை எண்டு. ரெண்டு பேரும் என்னை விடுங்கோ எண்டு ஜெர்மனில கத்திப்போட்டுக் கதவைப் பூட்டினாள். நானும் சும்மா இருக்கேல்லத்தானே, உவைஸ். நீங்கள் ஒண்டு பழக்க, நான் ஒண்டு பழக்க. போட்டிக்குத்தான் பழக்கினனான்."

அவனுக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. அவளைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினான். "இதை அவகிட்ட..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். "வேண்டாம். எதுவும் சொல்லாத. சும்மா கொண்டுபோய் வை."

"மேசையில வைக்கிறன்" என்றாள். "ஒண்டும் சொல்லமாட்டன்."

திரும்புகிற ரயில் தேர் பார்த்துவிட்டுப் போகிறவர்களால் நிரம்பியிருந்தது. கற்பூரமும் வியர்வையும் மணத்தன. உட்கார இடமில்லாமல் நின்ற உவைஸைப் பார்த்து ஒரு பெரியவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"இருங்கோ தம்பி. தேருக்கோ வந்தனீங்கள்?"

"இல்ல அண்ணே. மகளைப் பாக்க வந்தேன்."

"பார்த்தனீங்களோ?"

உவைஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், ஆனால் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. எதிரே இருந்த சின்னப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெரியவர் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவன் கையில் வைத்து, அவன் குடித்து முடிக்கும்வரை மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.