மூன்று டின் வெடிமருந்தும் ராஜு அங்கிளின் ரிவால்வரும்

வெடிமருந்து விற்கிறவனுக்கு, வாங்கினவர் முறைப்பாட்டோடு திரும்பி வந்தாலும் சந்தோஷம்தான். வராவிட்டால்தான் நெஞ்சு பதறும்.

கிழமை நாட்களில் எனக்கு ட்ருகனினா புறநகரில் இரவுப் பண்டகசாலை வேலை, சனிக்கிழமை பகலில் துவக்கும் ரிவால்வரும் விற்கிற இந்தக் கடை. நித்திரை வராத மனுசன் எதையாவது வாசிப்பான். நான் வாசித்தது தோட்டா நிரப்பும் கையேடுகள். என்னைப்போலக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகினவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

உதைக்காத மருந்து

ராஜு அங்கிள் மலேசியாக்காரர், ரோவில்லில் இருக்கிறார். குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு, கடைத் தோட்டாவின் உதையை அவருடைய கை தாங்கவில்லை. மெதுவாக உதைக்கிற தோட்டாவைத் தானே நிரப்பினால் கிளப்பில் தொடர்ந்து சுடலாம். இல்லையென்றால் ரிவால்வரை விற்கவேண்டியதுதான். நிரப்புகிற கருவி, தராசு எல்லாம் வாங்கிவிட்டார். மருந்து மட்டும்தான் பாக்கி.

கொஞ்ச நிறைக்கே நிறைய இடம் பிடிக்கிற பொருமலான மருந்தாக எடுக்கச் சொன்னேன். ரிவால்வர் தோட்டாவின் பித்தளைக் கோது பெரிசு, உள்ளே போகும் மருந்தோ கொஞ்சம். தவறி இரண்டு தரம் போட்டுவிட்டால், பொருமலான மருந்து வழிந்து காட்டிக்கொடுக்கும். நெருக்கமான மருந்து காட்டிக்கொடுக்காமல் உள்ளே கிடந்து, பிறகு ரிவால்வரையும் கையையும் சேர்த்துக் கொண்டுபோகும். எல்லாம் கேட்டுவிட்டு, நான் எதைப் போட்டுச் சுடுகிறேன் என்றார். நான் ஒருநாளும் சுட்டதில்லை, சத்தமே ஆகாது என்றேன்.

"அப்ப சரி லா. பயந்தவன் சொன்னா நம்பலாம்."

குழலுக்குள் நின்ற சன்னம்

சில கிழமை கழித்து வந்தார், முகம் செத்துப்போய். சுட்ட சன்னம், அதாவது பறக்கவேண்டிய ஈயக் குண்டு, வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிட்டதாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். பக்கத்தில் நின்றவர் பார்த்துக் கையைப் பிடித்திருக்கிறார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக நிறுத்துத்தான் போட்டேன் என்று சத்தியம் பண்ணினார். தராசு சரியோ என்று கேட்டேன். வாங்கின அன்றைக்கே பூச்சியம் பார்த்தாச்சு என்றார்.

கோதுக்குள் மருந்து முன்பக்கம் சரிந்து கிடந்தால் சில மருந்து சரியாய்ப் பற்றாது. அதுதான் காரணமாக்கும் என்று, எப்படிக் கிடந்தாலும் பற்றுகிற வேறொன்றைக் கொடுத்தேன். டின்னை வாங்கிக்கொண்டு அங்கிள் சொன்னார்.

"கிளப் கேப்டன் சொல்லிட்டாரு தம்பி. இன்னொண்ணு சிக்குனா சொந்தத் தோட்டாவோட கிளப்புக்கே வரக்கூடாதாம்."

மூன்றாம் டின்

இந்த முறை சிக்கவில்லை. ஆனால் சன்னம் களைத்துப்போய் அட்டையின் அடியில் பட்டது. எரியாத மருந்துத் துகள் அடைத்து, ரிவால்வரின் உருளையும் சுற்ற மறுத்தது. எனக்குப் பகல் நித்திரையும் போயிற்று. மூன்றாவது டின்னை எடுத்து வைத்தேன். வழக்கமாகக் காருக்குள் இருக்கும் அங்கிளின் மனைவி, அன்ரி, அன்றைக்கு உள்ளே வந்து டின்னை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மாத்தி மாத்தி வாங்குறதுக்கு இது என்ன ஷாம்பூவா?"

தராசு

மூன்றாவதைத் திறக்கிறதுக்கு முதல், தராசைக் கொண்டுவரச் சொன்னேன். துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முதலாளி கிரெக் தட்டைத் தூக்கிப் பார்த்து, பின்புறத்தில் மஞ்சள் வட்டமும் நடுவில் சிவப்புப் புள்ளியும் இருக்கக் கண்டு, தொழிற்சாலையில் பரிசோதித்து முத்திரை வைத்திருக்கிறார்கள், நல்ல கொம்பனி என்று மெச்சினான்.

நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும். ஆயுத பூசைக்கு அன்ரி கார், வாக்குவம் கிளீனர், நிரப்புகிற கருவி எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு தராசுக்கும் அப்பியிருக்கிறார். அங்கிள் பூச்சியம் பார்த்தது அதற்கு முதல். ஒரு ரிவால்வர் தோட்டாவுக்குப் போகிற சொற்ப மருந்தில், காய்ந்த சந்தனத்தின் பாரம் என்ன சின்ன விஷயமா? அந்தப் பாரத்தையும் தராசு மருந்தென்று எண்ண, அவ்வளவு மருந்து ஒவ்வொரு தோட்டாவிலும் குறைந்திருக்கிறது.

தட்டைக் கழுவி, பூச்சியம் பார்த்து, முதல் டின் மருந்தையே திரும்ப நிரப்பினார். கிளப்பில் ஒன்றும் சிக்கவில்லை. அன்ரியிடம் விசயத்தைப் பக்குவமாகச் சொன்னேன். மருந்து கூடினதா, குறைந்ததா என்று கேட்டார். குறைந்தது என்றேன்.

"கூடியிருந்தா கை போயிருக்கும்னு நீங்கதானே அவருகிட்ட சொன்னீங்க? அப்ப பொட்டுதான் காப்பாத்தியிருக்கு."

ரிவால்வருக்கு எந்த மருந்து நல்லது என்று கேட்கிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது, முதலில் தராசின் பூச்சியத்தைப் பாருங்கோ, பிறகு வீட்டில் யாருக்கு உங்கள்மேல் அன்பு கூடிப்போச்சு என்று பாருங்கோ, மருந்தைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.