கருங்கல்லுக்குள் ஒரு வயர்

மாமல்லபுரத்தில் சிற்பி ஏழுமலை என்னைச் சாப்பிட அழைத்திருக்கிறார். அவர் வீட்டில் குண்டு பல்பு எரியவில்லை. கோயம்புத்தூரில் வயரிங் வேலை செய்கிற என்னால் சும்மா உட்கார முடியவில்லை. சோதித்துப் பார்த்தால் பல்பில் குறையில்லை, சுவருக்குள் ஓடுகிற வயர்தான் போயிருக்கிறது.

எங்கள் ஊரில் செங்கல் சுவரைக் கொத்தி, பைப்புக்குள் வயரை விட்டு, மேலே பூசிவிடுவோம். இங்கே சுவரே கருங்கல். ஏழுமலை அதில் உளியால் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, பைப் இல்லாமல் வயரைப் பதித்து, கல்பட்டையாலேயே மூடியிருக்கிறார். நகத்தால் தடவுகிறேன். கல்லும் பட்டையும் சேரும் இடம் தட்டுப்படவே இல்லை.

"எங்கீங்க மூடுனீங்க?"

அவரும் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைக்கிறார்.

"எனுக்கே தெர்ல அண்ணாத்த."

"ஒடச்சாத்தானுங்க வயர மாத்த முடியும்."

"அப்ப நீயே ஒட" என்று சுத்தியலைத் தந்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறார்.

ஓங்கிய கை இறங்க மறுக்கிறது. சுத்தியலைக் கீழே வைக்கிறேன். அரையிருட்டிலேயே இருவரும் சாப்பிட உட்காருகிறோம்.