பின்னறையில் இடமில்லை

கீரை அழுகினால் உடனே நாற்றம் வராது. பைக்குள் ஓரத்தில் ஒரு இலை கறுக்கும், மறுநாள் அதை ஒட்டிய இலை, நாலாம் நாள் பை முழுக்கப் பச்சைச் சளி. அலைடா ஹூக்ஸ்மா அந்தப் பையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போடுவது வாரம் ஒருமுறை நடக்கும். இரண்டரைப் பவுண்டு கீரையில் அவளும் அவள் புருஷன் கெரிட்டும் தின்றது இரண்டு கைப்பிடி இருக்கும். மீதியைப் போட்டுவிட்டு விரல்களைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவாள். அதற்குள் கெரிட் அடுத்த பையை வாங்கி வந்திருப்பான்.

வீணாய்ப் போகும் சோற்றைப் பார்த்தால் அலைடாவுக்குக் குமட்டும். அது பகட்டல்ல, தொழில் கொடுத்த நோய். மிச்சிகனில், ஏரிக்கு இருபது மைல் உள்ளே இருக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் மதியச் சாப்பாடு சமைத்தவள் அவள். பிள்ளைகளின் தட்டில் பழம் வைத்தே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. தின்றே ஆகவேண்டும் என்று விதி இல்லை. கடி படாத ஆப்பிளும், பிரிக்காத பால் டப்பாவும், ஒரு பக்கம் நக்கிப் பார்த்த பீட்சாவும் குப்பைப் பீப்பாயில் விழுவதை முப்பத்தொரு வருஷம் பார்த்தாள். அந்தப் பீப்பாயைத் தள்ளித் தள்ளியே இரண்டு தோளும் தேய்ந்தன. ஓய்வு பெற்ற நாளன்று, இனி அந்தக் கண்ணராவியைப் பார்க்க வேண்டியதில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வருஷமே நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து கெரிட்டும் ஓய்வு பெற்றான். பெற்றவன் சும்மா இருந்தானா? நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கிடங்குக் கடையில் சந்தா கட்டி உறுப்பினர் ஆனான். ஊரில் எல்லோரும் அதைக் 'கிளப்' என்பார்கள். வருஷச் சந்தா கட்டி, முகப்படம் போட்ட அட்டையைக் காட்டினால்தான் உள்ளேயே விடுவார்கள். சாதாரண அட்டை ஒன்று, அதற்கு இரட்டிப்புச் சந்தாவில் கறுப்பு அட்டை ஒன்று. வீட்டில் இருப்பது இரண்டே உருப்படி என்றாலும் கெரிட் கட்டியது கறுப்பு அட்டைக்கு.

சனிக்கிழமை கதவு திறப்பதற்கு அரைமணி முன்னாலேயே போய் நிற்பான். அவனைப் போலப் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு தள்ளுவண்டியோடு நிற்பார்கள். ருசி பார்க்க இலவசமாகக் கொடுக்கும் காகிதக் கிண்ணங்களுக்கு ஒரு சுற்று, பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அடுத்த சுற்று. அலைடா ஒரே ஒருமுறை அவனோடு போனாள். வீடும் காரும் உள்ள மனுஷன் ஒருவன், காலே அரைக்கால் வாய் பாலாடைக்கட்டிக்காக ஒரு கைக்குழந்தைக்காரியை முழங்கையால் இடித்துவிட்டு, கிண்ணத்தின் அடியை நாக்கால் துடைத்ததைப் பார்த்தாள். அந்த மனுஷன் கெரிட் இல்லை. ஆனால் கெரிட் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

நியாயத்துக்குச் சொல்வதானால், ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்தக் கடை வரப்பிரசாதம். காருக்குப் பெட்ரோலும் டயரும், கெட்டுப்போகாத காப்பிக்கொட்டையும் மட்டும் வாங்கினால் இரண்டு பேர் வீட்டுக்கும் கட்டுபடியாகும். கெரிட்டுக்கு அந்த 'மட்டும்' என்கிற வார்த்தைதான் தெரியாது. பதினோரு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவன் அவன். சின்ன வயதில் பாத்திரம் அவன் கைக்கு வரும்போது அடியில் சுரண்டல்தான் இருக்கும். அலமாரி நிறைந்திருப்பதைப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்பதை அலைடா கல்யாணமான புதிதிலேயே புரிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு அது பாவமாகத் தோன்றியது.

பிப்ரவரி பிறந்தால் அந்தக் கறுப்பு அட்டைக்காகக் கிளப்பிலிருந்து ஒரு காசோலை வரும். வருஷம் முழுக்க வாங்கியதற்கு நூற்றுக்கு இரண்டு வீதம் திரும்பக் கொடுப்பது. பிள்ளையின் மதிப்பெண் அட்டையை ஒட்டுவதுபோல அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பான். அந்தக் கதவுக்கு உள்ளே, நாலு லிட்டர் மயோனைஸ் ஜாடியின் கழுத்தில் மஞ்சள் வளையம் கட்டியிருக்கும்.

"காசோலையப் பாத்தியா? சும்மா வருது" என்பான்.

"அத அதே கடையிலதான் மாத்தணும். மாத்தப் போற அன்னிக்கு இன்னொரு ஜாடி வரும்" என்பாள் அலைடா.

மகன் அரிசோனா போனான், மகள் மினியாபொலிஸ் போனாள். மகள் இருந்த பின்னறை கிடங்காயிற்று. நாற்பத்தெட்டு உருளை கழிப்பறைக் காகிதக் கட்டுகள் ஜன்னலை மறைத்தன. அவற்றுக்கு முன்னால் காகிதத் தட்டுகள், கைதுடைக்கும் தாள்கள், அவரைக்காய் டின்கள், காடியில் ஊறிய வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகள், காப்பிப் பைகள். கதவு பாதிதான் திறக்கும், உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். கீழ்த்தளத்தில் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு உறைபெட்டி, அதில் பன்றித்தொடையும் பன் ரொட்டியும் மூச்சுவிட இடமில்லாமல் கிடந்தன.

அலைடாவுக்கு ஒரே தங்கை, லவோன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வங்கியில் வேலை பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்தாள். தெருமுனைக் கடையில் ஒரு வெங்காயம், அரை டஜன் முட்டை, இரண்டு துண்டு இறைச்சி, அவ்வளவுதான் வாங்குவாள். அவள் குளிர்பெட்டியைத் திறந்தால் பின்சுவர் தெரியும். ஞாயிறு ஆராதனை முடிந்து அக்காள் வீட்டுக்கு வந்தால் கெரிட்டைச் சீண்டாமல் போகமாட்டாள்.

"உங்க வீட்ல ஒரு வாய் காப்பி கேட்டாப் போதும், மூட்டையத் தூக்கிட்டு வரீங்க. பஞ்சம் வருதுன்னு உனக்கு மட்டும் கடிதாசி வந்திருக்கா கெரிட்?"

கெரிட் சிரிப்பான். போகும்போது அவள் கையில் ஆறு ஊறுகாய் ஜாடிகளைத் திணிப்பான். அவள் அதை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

அக்டோபரில் ஈரச் சருகில் வழுக்கி விழுந்து லவோனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. இனி மாடி ஏறக் கூடாது என்றார் மருத்துவர். தளமெல்லாம் சமமாக, குளியலறைக்குப் பக்கத்தில் ஒரு படுக்கையறை இருந்தால் வீட்டிலேயே தேறிவிடுவாள், இல்லாவிட்டால் முதியோர் விடுதிதான் என்றார். அலைடா வீட்டின் பின்னறைக்கும் குளியலறைக்கும் இடையே நாலு எட்டு. கடவுளே அளந்து கட்டிய மாதிரி இருந்தது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் விடுதியில் இரு, அறையைக் காலி பண்ணிவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று அலைடா வாக்குக் கொடுத்தாள்.

கெரிட் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

"வரட்டுமே. லவோன் வரதுக்கு நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? ஆனா இதெல்லாத்தையும் எங்க வைக்கறது, அலைடா? இடமில்லையே."

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். காசு கொடுத்து வாங்கியதைக் கொடுப்பதா என்று அவன் முகம் வெளிறிப்போனது. தின்றே தீர்த்துவிடலாம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்குள் பாதி காலியாகிவிடும் என்றான். அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் அவரைக்காய். ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்தது, கிளப்பின் தள்ளுபடிப் புத்தகமும் வந்தது. இரண்டு வயதானவர்கள் ஒரு வாரத்தில் எவ்வளவுதான் தின்று, எவ்வளவுதான் துடைக்க முடியும்? வெளியே போனதைவிட உள்ளே வந்தது அதிகம்.

தேய்ந்த தோளோடு அலைடா தானே ஒன்பது பெட்டிகளைக் கார்க் கொட்டகைக்குச் சுமந்தாள். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. டிசம்பர்ப் பனியில் ஊறுகாய் ஜாடிகள் உறைந்து வெடித்தன. கொட்டகை முழுக்கப் புளித்த காடி நாற்றம், தரையில் கண்ணாடிச் சில்லோடு கிடந்த வெள்ளரிக்காய்கள். கெரிட் செத்த கன்றுக்குட்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். உடையாத பெட்டிகளைத் திரும்பப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தான்.

விடுதியில் லவோனின் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கத்துக் கிழவி விடிந்தது முதல் தொலைக்காட்சியில் ஏலம் பார்த்துக்கொண்டிருப்பாள். மூத்திர வாடையும், அதை மறைக்கத் தெளித்த எலுமிச்சை வாடையும். நவம்பரில் அலைடா போகும்போதெல்லாம் "அறை ஆச்சா?" என்று லவோன் கேட்டாள். அடுத்த வாரம் என்றாள் அலைடா. டிசம்பரில் ஒருமுறை, "கெரிட் எதுவரைக்கும் தின்னுருக்கான்? அவரைக்காய் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். ஜனவரியில் கேட்பதையே விட்டுவிட்டாள். அக்காளுக்குச் சங்கடம் வேண்டாமென்று வானிலையைப் பற்றிப் பேசினாள். காரில் திரும்பும்போது அலைடாவுக்குக் கெரிட்டின் மேல் வந்த வெறுப்பைவிடத் தன்மேல் வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது. ஒரு ஆளை வைத்து அந்தப் பெட்டிகளைத் தெருவில் எறியச் சொல்லியிருக்கலாம். கெட்டுப்போகாத பண்டத்தை எறிய அவளுக்கும் கை வரவில்லை, அதுதான் உண்மை.

பிப்ரவரி இரண்டாவது வாரம் லவோனுக்கு நுரையீரலில் சளி கட்டியது. மூன்று நாள்தான். அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால், ஏலச் சத்தத்துக்கு நடுவிலேயே செத்துப்போனாள்.

அவர்கள் சர்ச்சில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்தபின் கீழ்த்தளக் கூடத்தில் பன்றித்தொடை வைத்த பன்னும், உருளைக்கிழங்கு சாலடும், ஊறுகாயும், காப்பியும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சாப்பாட்டைக் கவனிக்கும் ட்ரூடி பாஸ்கிராஃப் தொலைபேசியில் கூப்பிட்டாள். வங்கியில் வேலை பார்த்தவளாயிற்றே, நூற்றெண்பது பேராவது வருவார்கள், இவ்வளவுக்கும் இரண்டு நாளில் எங்கே போவது என்று புலம்பினாள். தொலைபேசியை எடுத்தவன் கெரிட். அவன் முதுகு நிமிர்ந்ததை அலைடா சமையலறையிலிருந்து பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் வாங்க வேண்டாம், ட்ரூடி. எங்கிட்ட எல்லாம் இருக்கு" என்றான்.

வண்டியை வாசலில் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். கீழேயிருந்து பன்னும் பன்றித்தொடையும், பின்னறையிலிருந்து தட்டு, தாள், ஊறுகாய், மயோனைஸ், காப்பி. சர்ச்சுக் கழிப்பறைக்கு ஆகட்டும் என்று காகிதக் கட்டுகளைக்கூட விடவில்லை. எழுபத்து மூன்று வயது மனுஷன், நாலு நடை, சீட்டியடித்துக்கொண்டு. அலைடா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழுசாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அடக்கத்தன்று கூடத்தில் எல்லோரும் நன்றாகவே தின்றார்கள். சிலர் இரண்டாம் தடவையும் வாங்கினார்கள். ட்ரூடி கெரிட்டின் தோளைத் தட்டி, நீ இல்லாவிட்டால் என்ன செய்திருப்போம் என்றாள். பாதிரியார்கூடக் கை குலுக்கினார். கெரிட் உதட்டோரத்தில் பன்னில் தடவிய கடுகு விழுதோடு, கையில் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு அலைடாவிடம் வந்தான். அவன் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையை விழுங்க அவனால் முடியவில்லை.

"வீணாப் போகுது, வீணாப் போகுதுன்னு சொல்லிட்டே இருந்தியே. இப்பப் பாத்தியா? ஒரு தட்டுகூட வீணாப் போகல."

அலைடா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நீட்டிய பன்னை வாங்கினாள். நேராக மூலைக்கு நடந்து, கடி படாத அந்தப் பன்னைக் குப்பைப் பீப்பாயில் போட்டாள். ஆயுசில் அப்படி அவள் செய்தது அதுதான் முதல் தடவை. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.

பின்னறைக் கதவு முழுசாகத் திறந்தது. ஜன்னல் தெரிந்தது, ஜன்னல் வழியாகப் பனி மூடிய பக்கத்துத் தோட்டம் தெரிந்தது. கம்பளத்தில் பெட்டிகள் அழுத்திய சதுரத் தழும்புகள். ஒரு கட்டிலும் நாற்காலியும் போட்டு, லவோன் பிடித்துக்கொண்டு நடக்கும் நடைவண்டி திரும்புவதற்கும் இடம் இருந்தது. அலைடா அந்த வெறும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை லவோனின் வீட்டைக் காலி செய்தபோது, மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு அலைடா தங்கையின் ஒற்றைக் கட்டிலை மட்டும் ஆள் வைத்து எடுத்துவந்தாள். பின்னறையில் ஜன்னலைப் பார்த்துப் போடச் சொன்னாள். சனிக்கிழமை கெரிட் வழக்கம்போலக் கிளப்புக்குப் போனான். அலமாரி காலியாகக் கிடப்பது அவனுக்குத் தாங்கவில்லை. பதினோரு மணிக்கு இரண்டு கையாலும் நாற்பத்தெட்டு உருளைக் கட்டை அணைத்துக்கொண்டு வந்து, காலால் கதவைத் தள்ளினான்.

கட்டிலில் லவோனின் போர்வை விரித்திருந்தது. அதன் மேல் அலைடா உட்கார்ந்திருந்தாள்.

"இத எங்க வைக்கறது?" என்று கேட்டான் கெரிட்.

"தெரியல. இங்க இடமில்ல, கெரிட்" என்றாள் அலைடா. "லவோன் இருக்கா."

அவன் அந்தக் கட்டை இறக்கவும் இடமில்லாமல், திரும்பிப் போகவும் தோன்றாமல் அறை வாசற்படியிலேயே நின்றான்.