தேவிப்ரியா முதலில் கற்ற சொல்

ஆலங்குடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தவள் செல்வராணி. ஒரே மகள் தேவிப்ரியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒலியைக் கேட்கவைக்கக் காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவியை அரசுத் திட்டத்தில் பொருத்த ஆறு வயதுக்குள் வரவேண்டும் என்று புதுக்கோட்டையில் சொன்னபோது, பிள்ளைக்கு ஐந்தே முக்கால் வயது முடிந்திருந்தது.

திருச்சியில் ஸ்கேன் பார்த்த டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து போவதுதான் வழக்கமான வழி. இவளுக்கோ முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியில் குறுக்கே ஓடுகிறது. காதுத் துவாரம் வழியாகச் செவிப்பறையைத் தூக்கிவிட்டுப் போய்ப் பார்க்கலாம். அங்கே இடம் போதாவிட்டால் பின்பக்கம்தான். நரம்பில் பட்டால் முகம் ஒரு பக்கம் செயலிழந்துவிடும்.

புருஷன் ரத்தினவேல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றான். வராந்தாவில் நாலு பேர் கேட்கவே சொன்னான்.

"செவிட்டுப் புள்ளைன்னா மறைச்சாவது கட்டிக் குடுத்துரலாம். மூஞ்சி கோணிப்போச்சுன்னா எங்கிட்டு வச்சு மறைப்ப?"

செல்வராணி தானே கையெழுத்துப் போட்டாள்.

நாலு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். துவாரம் ரொம்பக் குறுகல், பின்பக்கம் குடைய வேண்டியதாகிவிட்டது என்றார். கருவி நன்றாகப் பொருந்தியிருந்தது. நரம்பு வீங்கியிருந்தது, தானாகத் தெளியலாம் என்றார். தெளியவில்லை. பிள்ளையின் வலது கண் மூட மறுத்தது. சிரித்தால் வாய் இடது பக்கமே ஓடியது.

அதன் பிறகு ரத்தினவேல் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. காலையிலிருந்து படுக்கிற வரை கோணவாயிதான்.

கருவிக்கு உயிர் கொடுத்ததும் வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்குப் பஸ் ஏறினார்கள். 'அம்மா' என்று செல்வராணி சொல்லாத நேரமில்லை. ஏழு மாதம் ஆகியும் அது வரவில்லை. உதட்டைச் சேர்த்து மூடினால்தான் 'ம்' வரும். பிள்ளையின் வலது உதட்டோரத்தில் காற்று ஒழுகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தினவேல் வாசலிலிருந்து மகளிடம் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தான். அடுப்படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை சட்டென்று திரும்பியது. தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

"கோணவாயி."

ஒரு பக்கச் சிரிப்போடு, மறுபடியும் தட்டிச் சொன்னது. ரத்தினவேல் வாசலில் சிரித்துவிட்டான்.

"பரவால்லையே, பேரு தெரிஞ்சுக்கிருச்சு."

மறுநாள் பயிற்சியில் ஷர்லி டீச்சர் பேர் கேட்டபோதும் அதையே சொன்னது. அது அவள் பேர் இல்லை என்றாள் செல்வராணி. டீச்சர் விளக்கினாள்.

"எந்தச் சொல்லு அதிகமா காதுல விழுதோ, அதுதாங்க மொதல்ல வரும். இந்தச் சொல்லுக்கு ஒதட்ட மூடவும் வேண்டியதில்ல."

அந்த வாரமே செல்வராணி பிள்ளையோடு புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் ஓர் ஒற்றை அறைக்கு வந்துவிட்டாள். இப்போது ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறது. 'தேவி' சுத்தமாக வருகிறது. 'ப்ரியா' காற்றாகப் போகிறது. யாராவது திடீரென்று பேர் கேட்டால், பிள்ளை இன்னும் அப்பன் வைத்த பேரைத்தான் சொல்கிறது.