பாலசமுத்திரம் பக்கம் ஓர் ஐரிஷ்காரர் சமாதி

எங்கள் வம்சத்தில் ஓர் அயர்லாந்துக்காரர் உண்டு. என்னை நேரில் பார்த்தவர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அவரிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது பூனைக்கண்ணும் பந்தியில் கிளம்பும் கோபமும்தான். நிறம் வரவில்லை, நிலம் நீச்சும் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு மரியாதை செய்ய எங்கள் பெரிய மாமா பெரம்பூரின் மே மாத வெயிலிலும் கோட்டுப் போட்டுத்தான் கல்யாணத்துக்கு வருவார்.

அவர் பெயர் தாமஸ் டோலன். கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய். ஹைதர் அலியோடு கம்பெனி மல்லுக்கட்டிய காலத்தில் சித்தூர்ப் பக்கம் வந்து, உள்ளூர்ப் பெண் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினார். ஒரு பிள்ளை பிறந்தது. பட்டாளம் கிளம்பியதும் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஊர் சொல்லும். என் அக்கா ஸ்டெல்லாவின் மாமியார் முப்பது வருஷம் சோற்றோடு சேர்த்துப் பரிமாறியது இதைத்தான்: "விட்டுட்டு ஓடினவன் வம்சம்தானே."

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த வாக்கியம் போகவில்லை. அக்காவுக்கு இப்போது அறுபத்துமூன்று. அடுத்த மாதம் இதய ஆபரேஷன். பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தை மாதக் கடைசியில் ஒருநாள் கூப்பிட்டாள். "டேய் பிரான்சிஸ், உள்ள போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த ஆளு இருந்தாரா, போய்ட்டாரா?"

அதே வாரம் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் என்ற அம்மாள் மெயில் அனுப்பியிருந்தார். என் மகள் விளையாட்டாக எச்சில் கொடுத்துப் பார்த்த டிஎன்ஏ பரிசோதனையில் கிடைத்த தூரத்து உறவு. தாமஸின் அண்ணன் பாட்ரிக் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே மலைத்தொடரைத் தாண்டி, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் ஊர்களுக்கு எல்லையாக இருந்த காட்டில் குடியேறியவராம். தம்பியின் கல்லறை கிடைத்தால், பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு பெண்கள் கேட்டுவிட்டார்கள். கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 6.25 ரயில், திருப்பதி 9.50. சித்தூருக்கு நேராகப் போகாமல் ஏன் திருப்பதி என்று கேட்காதீர்கள். அந்த ரயிலில்தான் ஜன்னல் சீட்டு இருந்தது. அங்கிருந்து சித்தூர் பஸ், 110 ரூபாய், இரண்டேகால் மணி நேரம். சந்திரகிரிக் கோட்டை வலப்பக்கம் வரும் என்று கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தவன், வந்தபோது தூங்கிவிட்டேன்.

சித்தூரில் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் முக்கால் மணி நேரம் கல் கல்லாகக் குனிந்து பார்த்ததில் முதுகு பிடித்துக்கொண்டது, டோலன் கிடைக்கவில்லை. அங்கே குப்பை பெருக்கிக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த, தாமஸின் பிள்ளையுடைய ஞானஸ்நானச் சீட்டின் நகலில் பாலசமுத்திரம் என்ற பெயரைப் பார்த்து, "அந்தப் பக்கம் மாந்தோப்புல ஒரு தொரை சமாதி கீது சார், அத்தப் பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை.

போகவர, காத்திருக்கவும் சேர்த்து 2,200 ரூபாய்க்குக் கார் பேசினேன். டிரைவர் முனிரத்னம் பாதி தெலுங்கு, பாதி தமிழ், முழுநேரமும் பேச்சு.

"இன்னா சார், கோயிலுக்கா?"

"இல்லப்பா. என் மூதாதையர் சமாதிக்கு."

"யாரு, தொரைசாமியா?" கண்ணாடியில் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "பரவாலேது சார். கண்ணு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் ஆவுது."

அவருடைய மீட்டரில் 43 கிலோமீட்டர். இரண்டே முக்காலுக்கு இறங்கினேன். சாலையிலிருந்து இருநூறு அடி உள்ளே மாந்தோப்பு ஓரத்தில் சமாதி இருந்தது. கல்லறை என்று சொல்ல மனம் வரவில்லை, வெண்ணெய்க் கட்டி போல் இருந்தது. விளிம்பெல்லாம் மழுங்கி, பூசிப் பூசிப் பருத்துப்போன சுண்ணாம்பு. எழுத்து என்று ஒரு கீறல்கூட இல்லை. தலைமாட்டில் ஒரு சட்டியில் கரைத்த சுண்ணாம்பு.

ஆள் யாரும் தென்படவில்லை. என் பையில் கம்பி பிரஷும் சின்ன உளியும் இருந்தன. முனிரத்னம் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில் மூலையில் லேசாக நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் எழுத்து இல்லை. இன்னொரு பூச்சு, நீலம் கலந்த வெள்ளை. அதில் மூன்று விரல் இழுத்த தடம் அப்படியே காய்ந்து கிடந்தது.

"இன்னா பண்ணிகினு கீற?"

பின்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இடுப்பில் புல்லுக்கட்டு. பெயர் செங்கம்மா என்று பிறகு தெரிந்தது. சமாதிக்குச் சுண்ணாம்பு கரைத்து வைப்பது அவர்கள் வீட்டு முறை. நான் உறவுமுறை, அமெரிக்கா, டிஎன்ஏ எல்லாம் சொன்னேன். அவள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, விழுந்த சில்லை எடுத்துச் சமாதியின் மேலேயே வைத்தாள்.

"பேரு எங்களுக்குத் தெரியாது. தொரைசாமி, அவ்ளோதான். பட்டாளம் அல்லாம் போயிச்சாம், இவுரு மட்டும் போவலயாம். பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு வரமாட்டேன்னு இங்கயே கெடந்து செத்தாராம். அதால எங்க ஊரு ஆம்பளைங்க வேலைக்கு வெளியூரு போச்சொல்லோ ஒரு கை பூசிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்குப் போறவன், மெட்ராஸ் போறவன், அல்லாரும். திரும்பி வரணும் பாரு."

"அடியில பேர் செதுக்கியிருக்கும்மா. கொஞ்சம் சுரண்டினா போதும்."

"சுரண்டு. எங்க வூட்டுக்காரு கை மேலாப்புலதான் கீது, அதுலேந்தே ஆரம்பி." குரல் உயரவில்லை. "குவைத்து போயி ரெண்டு வருசம். நாலு மாசமா போனு இல்ல."

உளியைப் பைக்குள் போட்டேன். என் ஐம்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் வெட்கப்படுவதற்கு வாய்ப்புகள் குறைவில்லை, ஆனால் ஒரு சுண்ணாம்புச் சில்லைப் பார்த்து வெட்கப்பட்டது அன்றுதான்.

அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். சமாதியைச் சுற்றிக் காட்டினேன். செங்கம்மா சொன்னதை அவளையே திரும்பச் சொல்லச் சொன்னேன். சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தூக்கிப் பிடித்தேன். "இருக்கேன்டா," என்றாள் அக்கா.

"பேர் தெரியலக்கா."

"இருந்தாருல்ல?"

"இருந்தாருன்னு இவங்க சொல்றாங்க."

"அப்ப போதும். நீ என் பேர்ல ஒரு கை பூசிட்டு வா."

சட்டியை நோக்கிக் கையை நீட்டினேன். செங்கம்மா சட்டியை நகர்த்திவிட்டாள். "அது ஆவாது. போறவங்க கைதான் பூசணும்."

"பொம்பளைங்க பூசலாமாம்மா?" போனுக்குள்ளிருந்து அக்கா.

செங்கம்மா யோசித்தாள். "இதுவரிக்கும் யாரும் கேட்டதில்லக்கா. எங்க போறீங்க?"

"ஆபரேஷனுக்கு."

"அப்ப நீங்களே வாங்க. சுண்ணாம்பு நான் கரைச்சு வெக்கிறேன்."

மார்கரெட் அம்மாளுக்கு அந்த வெள்ளைக் கட்டியின் போட்டோவை அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர்களிடம் பாட்ரிக்கின் நிலப் பத்திரம் இருக்கிறதாம், பெயர் தெளிவாக இருக்கிறதாம், கையெழுத்துப் போடத் தெரியாததால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. எங்கே புதைத்தார்கள் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. எங்களிடம் சமாதி இருக்கிறது, பெயர் இல்லை. அடியில் படுத்திருப்பவர் எங்கள் தாமஸ்தானா என்று வக்கீல் யாராவது கேட்டால் நான் திணறுவேன். சீட்டில் ஊர்ப் பெயர் ஒத்துப்போகிறது, கதை ஒத்துப்போகிறது, அவ்வளவே. இப்படித் தேடிக் கிளம்புகிறவர்கள் உளியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், முதலில் அங்கிருப்பவர்களைக் கேளுங்கள்.

வழி: என்னைப் போலத் திருப்பதி சுற்றாதீர்கள். சென்னையிலிருந்து திருத்தணி, பள்ளிப்பட்டு வழியாகப் போனால் சுமார் 130 கிலோமீட்டர், காரில் மூன்றரை மணி நேரம். பள்ளிப்பட்டைத் தாண்டினால் சாப்பாட்டுக்கு இடம் சரியில்லை, கட்டிக்கொண்டு போங்கள். தோப்புக்குள் கார் போகாது, இருநூறு அடி நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பேர் தூக்கிவிடலாம். முனிரத்னம் ஒரு பக்கம் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கார் சொல்லியிருக்கிறேன். டாக்டர் முறைத்தார், பிறகு அரை மனதோடு தலையாட்டினார். நேற்று ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம் அக்கா இடது கையை நீட்டினாள். நரம்பு கிடைக்கவில்லை, வலது கையைக் கொடுங்கள் என்றது அந்தப் பெண். "அந்தக் கையில குத்தாதம்மா," என்றாள் அக்கா. "வியாழக்கிழமை அதுக்கு வேலை இருக்கு."