மூன்று செத்த ரம்பமும் ஒரு காக்கிச் சட்டையும்

சம்பூர்ணத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். சங்கு ஊதினால் வேலைக்குப் போய், சங்கு ஊதினால் வீட்டுக்கு வருகிற புருஷன் வேண்டும். வாய்த்தவனோ லோகநாதன்.

கும்மிடிப்பூண்டி கடைத்தெருக் கோடியில் அவன் ஆயில் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை என்றால் நாலு மூங்கிலும் ஒரு தகரமும். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற கை அவனுக்கு. 1963-ல், கல்யாணமான முதல் மாதமே, சீர்வரிசையில் வந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணி மிச்சம். ஆனாலும் கடிகாரம் ஓடியது, மணி மட்டும் அடிக்கவில்லை. இந்த ஆளோடு எப்படிக் காலம் தள்ள வேண்டியிருக்கும் என்று சம்பூர்ணத்துக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பொதட்டூர்பேட்டையில் மரம் அறுக்கிற கலியனின் மகள். பெரிய மரத்தை உயரத்தில் ஏற்றிவைத்து, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக ரம்பம் இழுப்பார்கள். அப்பா மேலே, அண்ணன் திருமலை கீழே. ரம்பத்துக்கு அரம் போட்டுப் பல் தீட்டுவது மட்டும் சம்பூர்ணத்தின் வேலை. நூறு பல்லில் ஒன்று சாய்ந்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்லிவிடுவாள். கும்மிடிப்பூண்டிக்கு வந்தபிறகு அந்த விரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. லோகநாதனுக்கு இன்ஜின் தெரியும், மரம் தெரியாது. அவளுக்கு மரம் தெரியும் என்பது அவனுக்குத் தோன்றியதும் இல்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஊரைச் சுற்றி ஃபாக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. திருமலை ஒரு பைப் ஃபாக்டரியில் வாட்ச்மேன்களுக்கெல்லாம் தலைவனாகிவிட்டான். யார் யாரையோ பிடித்து, தங்கை புருஷனுக்கும் கேட்டில் வாட்ச்மேனாக ஒரு இடம் வாங்கினான். திங்கட்கிழமை சேர வேண்டும். இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சம்பூர்ணம் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். லோகநாதன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாயசத்தை மட்டும் சாப்பிட்டான்.

அந்த வாரம் பார்த்துத்தானா மணவாளன் வர வேண்டும்? மணவாளன் மரக் காண்டிராக்டர். ஃபாக்டரி கட்டுகிற இடங்களில் மரங்களை வெட்டிச் சுத்தம் பண்ணுகிற வேலையை எடுத்திருந்தான். ஏதோ ஏலத்தில் மூன்று மெஷின் ரம்பங்களை எடுத்து, சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கடையில் போட்டான். வெள்ளைக்காரன் தேசத்துச் சரக்கு. பெட்ரோல் இன்ஜின் ஓடினால் நீளமான பட்டையைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடும், மரம் வாழைத்தண்டு மாதிரி அறுபடும் என்றான். மூன்றும் செத்துப்போனவை. மூன்றையும் சேர்த்து ஒன்றை ஓட வைத்தால் வெட்டுகிற வேலை முழுக்க லோகநாதன் கையில். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

லோகநாதன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான். பெண்டாட்டி எதிரில் அதை இறக்கிவைத்தான்.

"இது ஓடலைன்னு வெச்சுக்கோ, திங்கக்கெழம நானே கேட்டாண்ட போய் நிக்கிறேன். ஓடிச்சுன்னா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னா சொல்றே?"

சாக்கிலிருந்த துருவைப் பார்த்ததும் சம்பூர்ணத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. சரி என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. சோற்றுக் குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாகங்களை ஊறப்போட்டான். நாலு நாளைக்கு ரசத்தில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. எட்டு வயது மகள் ரத்னா, அப்பா சொல்லிச் சொல்லியே, பிஸ்டன் ரிங் என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் போய் விளக்கிவிட்டு வந்தாள். ஒரு ரம்பத்தின் அடிப்பாகம் நன்றாக இருந்தது, இன்னொன்றின் சிலிண்டர் தேறியது. பட்டையும் சங்கிலியும் மூன்றாவதிலிருந்து வந்தன. பிஸ்டனைச் சுற்றி இறுக்குகிற அந்த ரிங் மட்டும் மூன்றிலுமே ஒடிந்துபோயிருந்தது. ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய், புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைந்து, ஸ்கூட்டர் ரிங் ஒன்றை வாங்கி வந்து அரத்தால் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்தான்.

கார்புரேட்டர்தான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற உறுப்பு அது. பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்கூட்டருடையதை மாட்டினான். மெஷின் இடி மாதிரி முழங்கியது. தெருவே கூடிவிட்டது. நிற்கிற மரத்தை அறுக்கிற வாக்கில் பக்கவாட்டில் சாய்த்தான். விக்கிவிட்டு நின்றது. நிமிர்த்தினால் ஓடும், சாய்த்தால் நிற்கும். மரத்தைத்தான் படுக்க வைக்க வேண்டும் போலிருக்கிறது என்று சம்பூர்ணம் கிண்டல் பண்ணினாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய கார்புரேட்டரைத் திரும்ப எடுத்தான். எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோலை இழுக்கிற மாதிரி அதற்குள் மெல்லிய தோல் ஒன்று இருப்பதையும், அது கிழிந்திருப்பதையும் கண்டான். ஒரு லாரியின் பெட்ரோல் பம்பிலிருந்து அதேபோன்ற தோலை வெட்டியெடுத்து மாட்டினான். இந்தத் தடவை தலைகீழாகப் பிடித்தாலும் ஓடியது. சம்பூர்ணத்தின் கிண்டல் அன்றோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை மணவாளன் வந்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் புளியங்கட்டை ஒன்றைப் போட்டார்கள். லோகநாதன் கயிற்றை இழுத்தான், இரண்டாவது இழுப்பிலேயே மெஷின் பிடித்துக்கொண்டது. கட்டைமேல் வைத்தான். சத்தம் வந்தது, புகை வந்தது, தீய்ந்த வாடை வந்தது. கட்டை அறுபடவில்லை. ஆள் பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினான். கட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்ததோடு சரி. மணவாளன் கால் மணி நேரம் பார்த்தான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள்.

லோகநாதன் மெஷினைக் கீழே வைத்தான். "சொன்னது சொன்னதுதான். நாளைக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

சம்பூர்ணம் ஜெயித்துவிட்டாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பொட்டலைக் கூட்டப் போனாள். கட்டையடியில் கிடந்த தூளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அறுத்த தூள் செதில் செதிலாக இருக்கும். இது மாவாக, கருகிக் கிடந்தது. அப்படியென்றால் பல் கடிக்கவில்லை, முதுகால் தேய்த்திருக்கிறது. ஓடும்போது சங்கிலி மேலே முன்னுக்குப் போய்க் கீழே லோகநாதன் பக்கம் திரும்பியதை அவள் பார்த்திருந்தாள். குனிந்து, மரம் உரசுகிற மாதிரியே, ஓடிய போக்குக்கு எதிராக விரலால் தடவினாள். வழுக்கியது. ஓடிய போக்கில் தடவியதும் சுருக்கென்று பிடித்தது. சங்கிலியைத் திருப்பிப் போட்டிருக்கிறான். இவ்வளவுதான் விஷயம்.

யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். தூளைக் கூட்டிக் குப்பையில் கொட்டிவிட்டு, போய் உலை வைத்தாள்.

மத்தியானம் லோகநாதன் இன்ஜின் பேச்சே இல்லாமல் சாப்பிட்டான். பதிமூன்று வருஷத்தில் அப்படி அவன் சாப்பிட்டு எழுந்ததே இல்லை. இதைத்தானே கேட்டாய் என்று சம்பூர்ணம் தன்னையே கேட்டுக்கொண்டாள். சாப்பிட்டதும் அவன் திருமலை கொடுத்துவிட்டுப் போயிருந்த காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்த்தான். தோளில் தொங்கியது. கண்ணாடி முன்னால் நின்று, ஆபீசர் கார் வந்தால் எப்படி சல்யூட் அடிப்பது என்று ரத்னாவுக்கு அடித்துக் காட்டினான். கை நெற்றிக்குப் போகாமல் காதிலேயே நின்றது. ரத்னா விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். இன்னொரு தடவை அடித்துப் பார்த்தான், இந்தத் தடவை சிரிக்காமல்.

அதை சம்பூர்ணத்தால் தாங்க முடியவில்லை.

"அந்தச் சட்டைய கழட்டுய்யா. சங்கிலிய திருப்பி மாட்டு. பல்லு அந்தாண்ட பார்த்துகினு கீது."

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊர் ஆசாரி ரம்பத்துக்குப் பல் தன் பக்கம்தானே இருக்கும், இழுக்கும்போதுதானே அறுக்கும், அப்படித்தான் பார்த்து மாட்டினேன் என்றான். பட்டையின் மேற்பக்கத்தைப் பார்த்து மாட்டியிருக்கிறாய், மரத்தில் படுவது கீழ்ப்பக்கம் என்றாள் அவள். லோகநாதன் காற்றில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"எப்போ கண்டே?"

"காலையில."

அவன் சட்டையைக் கழற்றி மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்பேனரைத் தேடினான்.

சாயங்காலம் மணவாளன் வண்டியோடு வந்தபோது புளியங்கட்டை ஆறு துண்டாகக் கிடந்தது. ரத்னாவின் தலையெல்லாம் செதில்.

திங்கட்கிழமை காலை மச்சானைக் கூட்டிப்போகத் திருமலை வந்தான். வீட்டில் மச்சான் இல்லை. தூரத்தில் ரோட்டுப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது. சம்பூர்ணம் காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். திருமலைக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த இடத்துக்காக யார் யார் காலில் விழுந்தேன் என்று ஆரம்பித்து, கடைசியில் தலையில் அடித்துக்கொண்டான்.

"நீ வாய மூடிகினு இருந்திருந்தா போதுமே சம்பூர்ணம்."

"இருந்தேண்ணா" என்றாள் அவள். "மத்தியானம் வரைக்கும் இருந்தேன். அதுக்கு மேல என்னால முடியல."