இரண்டு மெஷினுக்கு ஒரு ராடு

சாலமனின் கையைக் கெடுத்தது கரண்ட் இல்லை. ஒரு கம்பியை மிச்சம் பிடித்த கம்பெனி.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு முதல் வேலை. ஷெட்டுக்குள் நுழைந்ததுமே இடி இறங்கிய இடம் மாதிரி ஒரு காரமான வாசனை மூக்கில் ஏறும். சார்ஜ் ஏறும்போது கை முடி தானாக எழுந்து நிற்கும்...

கம்பி வேலிக்குள் வரிசையாகக் கெபாசிட்டர்கள். மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, கண் இமைப்பதற்குள் மொத்தமாகப் பாய்ச்சும். அந்த ஓர் அடியில் அலுமினியக் குழாய் உருமாறிவிடும்.

உள்ளே போக ஒரு முறை உண்டு. நீளப் பிடி வைத்த எர்த் ராடை மாட்டி, மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். போனவன் திரும்பும்வரை அது தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்துவிட்டால், செத்ததாக நினைத்த கெபாசிட்டரில் மறுபடி வோல்டேஜ் ஊறும்.

எங்களிடம் மெஷின் இரண்டு. ராடு ஒன்று.

சாலமன் கான்ட்ராக்ட் டெக்னீஷியன். பக்கத்து ஊரான ஆரணியிலிருந்து பைக்கில் வருவான். என் வயதுதான். அன்று காலை போல்ட் முறுக்க உள்ளே போகும்போது ராடை மாட்டிவிட்டுச் சொன்னான்.

"இன்ஜினியரே, நான் வெளிய வர்ற வரைக்கும் இத ஒன் பொண்டாட்டி மாரி பாத்துக்கோ."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே."

"அதான் சொல்றேன். எவனாவது தள்ளிக்கினு போயிடப் போறான்."

கொஞ்ச நேரத்தில் அடுத்த மெஷினிலிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

"யோவ், அங்க இன்னா பூஜையா பண்ணிக்கினு இருக்கீங்க? இங்க மெஷின் நிக்குது. ராட எடுத்துக்கினு வா!"

"உள்ள ஆள் இருக்கான் சார்."

"அதான் டிஸ்சார்ஜ் ஆயிடுச்சில்ல? படிச்சிட்டுதான வந்த?"

எடுத்துக் கொடுத்தேன். நான்தான். சாலமனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். பட்டென்று ஒரு சத்தம்... ஓடிப் போனால், வேலியோரம் கிடந்தான். கருகிய வாடை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"ராடு மாட்டியிருந்துச்சே, இன்ஜினியரே..."

பிழைத்தான். வலது கையில் மூன்று விரல் மடங்காது. ரிப்போர்ட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். கீழே சாட்சியாக என் கையெழுத்து. என் விரல்கள் நன்றாகத்தான் மடங்கின.

இப்போது காக்களூரில் வேறு கம்பெனி. சீனியர் இன்ஜினியர். ஏசி ரூம், டச் ஸ்கிரீன், சுவரெல்லாம் பாதுகாப்பு வாசகங்கள். அப்போதெல்லாம் சார்ஜ் ஏறினால்தான் பயம் வரும். இப்போது கேட்டைத் தாண்டியதுமே வந்துவிடுகிறது. இங்கே மெஷின் மூன்று. ராடு இரண்டு. உள்ளே போகிறவர்கள் இன்றும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான்.

நாலு மெயில் போட்டுப் பார்த்தேன். இன்று காலை மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"மூணாவது ராடு வர்ற வரைக்கும் மூணாவது மெஷின ஓட்டக் கூடாது சார். எப்ப வாங்கித் தருவீங்க?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஷெட்டில் மூன்றாவது மெஷின் சார்ஜ் ஏறும் சத்தம் கேட்டது.

"சார், எப்ப?"